ஆறு பிடி, மூன்று பொய்

1

உங்களுக்குக் கபடி தெரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். கபடியில் பிடிபட்டவர் வெளியே போய் உட்கார்ந்துவிட வேண்டும். நான் இருக்கும் சிட்னியில் ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம். இதில் பிடிபட்டுக் கீழே விழுந்தவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடியும் ஆட வேண்டும். விழுவதில் குற்றமில்லை. எழுந்து ஆடாமல் கிடந்தால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

மஞ்சூரில் இருக்கும் நண்பர், எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்காக, "வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி ஜாலியா எதாச்சும் எழுதிக் குடுங்க" என்று போனில் கேட்டார். சரிங்க என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதினால் ஜாலியாக ஒன்றும் வரவில்லை. என் மகள் தாரணிக்கு இந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவள் இனிமேல் விளையாடலாமா கூடாதா என்பது போன செவ்வாய்க்கிழமை டாக்டர் அறையில் என்னுடைய ஒரே ஒரு பதிலில் வந்து நின்றது. அந்தப் பதில் அதுவரை என்னைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. மலருக்குப் பொருந்தாவிட்டால் நண்பர் இதைத் தூக்கி ஓரமாக வைத்துவிடட்டும்.

2

என்னை மறந்துபோனவர்களுக்காக ஒரு வரி. குந்தா பவர்ஹவுஸில் ஆப்பரேட்டராக இருந்தவரின் மகன் நான். கேம்ப் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, டிப்ளமோ முடித்து, மஞ்சூரிலிருந்து காலை பஸ் பிடித்து ஊட்டியில் ஒரு ஓட்டலுக்கு எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போய்வந்தவன். தாரணிக்கு ஐந்து வயதானபோது இங்கே வந்தோம். இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் மோட்டார்களைக் கட்டி மேய்க்கிறேன். மனைவி சுமதிக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூலகம், மக்கள்தொகைக் கணக்கு என்று எதை எடுத்தாலும் ஒரு கேள்வி தவறாது: வீட்டில் பேசும் மொழி என்ன? மூன்று பேருக்கும் நேராகத் தமிழ் என்று எழுதுவேன். எனக்கும் சுமதிக்கும் அது உண்மை. தாரணிக்கு எட்டு வயது வரை உண்மை. அதற்குப் பிறகு நாங்கள் கேட்பது தமிழ், அவள் பதில் ஆங்கிலம். பத்து வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் நின்றது. சனிக்கிழமைதான் ஆட்டம்.

ஆனாலும் படிவத்தில் தமிழ் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமில்லை. இங்கே தமிழர் வீட்டு விருந்துக்குப் போனால், "எங்கூட்ல தமிழ் தானுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அந்த நேரம் மாடியில் எல்லார் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

மைதானத்தில் அவள் பெயர் தாரணி இல்லை. டாஸ். இந்த ஊரில் எந்தப் பெயரையும் வாய்க்குள் அடங்குகிற அளவுக்கு நறுக்கிவிடுவார்கள். நமக்கு டாஸ் என்றால் ஆட்டம் தொடங்கும் முன் சுண்டுகிற காசு. "உன்னைப் பூவா தலையான்னு போட்டுப் பாக்கறாங்களா" என்று கேலி செய்தேன். அவளுக்குக் கேலி புரியவில்லை. விளக்கினேன். விளக்கிய கேலிக்கு யார் சிரிப்பார்கள்?

3

முதல் நாலு வருடம் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் புரியாமல்தான் நின்றேன். நடுவர் நிமிடத்துக்கு ஒருமுறை "ஹெல்ப், ஹெல்ப்" என்று கத்துகிறார், யாரும் உதவிக்குப் போகவில்லையே என்று பதறியிருக்கிறேன். அவர் சொன்னது "ஹெல்ட்". பிடி முடிந்தது, ஆளை விட்டுவிடு என்று அர்த்தமாம். இதைக் கேட்டு தாரணி தரையில் உருண்டு சிரித்தாள். அன்றைக்கே எனக்கு ஆட்டம் சொல்லித்தருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

சாப்பாட்டு மேசைதான் மைதானம். பதின்மூன்று வேர்க்கடலை எங்கள் அணி. பதின்மூன்று பொட்டுக்கடலை எதிரணி. பந்துக்கு ஒரு மிளகு. சுமதி அடுப்படியிலிருந்து, "திங்கறத வெச்சு வெளையாடாத தாரணி" என்று சத்தம் போட்டாள்.

தாரணி ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். முன்னால் ஓடலாம், ஆனால் கையால் பந்தைக் கொடுப்பதானால் பக்கவாட்டிலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். காலால் மட்டும் முன்னுக்கு உதைக்கலாம். ஓர் அணிக்கு ஆறு பிடி. ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்து முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் எதிரணி பத்து மீட்டர் பின்வாங்கி நிற்க வேண்டும். பிடிபட்டவர் எழும்போது எதிரணியின் எல்லைக்கோட்டைப் பார்த்து எழ வேண்டும். கழுத்துக்கு மேலே கை போனால் தண்டனை.

"முன்னாடி ஓடறதுக்குப் பின்னாடி எதுக்குக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

அப்படிச் செய்தால்தான் எல்லாரும் பந்துக்குப் பின்னால் வந்து சேர்ந்து நிற்பார்கள், இல்லாவிட்டால் ஆளாளுக்கு முன்னால் ஓடிப்போய்த் தனியாக நிற்பார்கள் என்றாள். பதினாலு வயதுப் பெண் சொன்ன அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வாரம் ஒருநாள் அந்தக் கடலை வகுப்பு நடந்தது. அவள் வயதுப் பிள்ளைகள் அப்பாவோடு நாலு வார்த்தை பேசுவதே அபூர்வம். எனக்கு மேசை நிறையக் கிடைத்தது. அது நிற்கக்கூடாது என்பதற்காகத் தெரிந்ததையும் தெரியாத மாதிரி கேட்டிருக்கிறேன்.

சுமதிக்கு இது பிடிக்கவே இல்லை. "ஏனுங்க, புள்ளைய அப்படிப் பொரட்டி எடுக்கறாங்க, நீங்க கை தட்டிட்டு வாறீங்க. தலைல கிலைல பட்டா என்ன பண்ணுவீங்க?" என்பாள். அதெல்லாம் விதி இருக்கிறது, நான் படித்துவிட்டேன் என்று பெரிய ஆளாகச் சொல்லுவேன். நான் படித்தது பந்துக்கான விதிகள் மட்டும்.

4

குந்தாவில் எங்கள் விளையாட்டு வாலிபால். பனி இறங்கிவிட்டால் வலைக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. பந்தை அடித்துவிட்டு, விழுந்ததா பிடித்தார்களா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அந்தப் பக்கம் நின்ற படுகப் பையன்கள் அவுட்டான பந்தையும் அவுட் இல்லை என்று படுக பாஷையில் சாதிப்பார்கள். சண்டை முற்றினால் அப்பாவைக் கூப்பிடுவோம். ஷிப்ட் முடிந்து வருகிற மனிதர் தீர்ப்புச் சொல்லமாட்டார். "நான் பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் வேலை அவரை அப்படி ஆக்கியிருந்தது. லைனில் ஆள் ஏறுவதற்கு முன்னால் பவர்ஹவுஸிலிருந்து எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர், அதாவது மின்சாரம் நிறுத்தியாகிவிட்டது, தொடலாம் என்ற உத்தரவாதம். போனில் அந்தப் பக்கத்து ஆள் ஒரு வரி சொல்லுவார். அப்பா அதே வரியை ஓர் எழுத்து மாறாமல் திரும்பச் சொல்லுவார். அந்தப் பக்கத்து ஆள் ஆமா என்ற பிறகுதான் நோட்டில் எழுதுவார். காதில் விழுந்தது பாதி, மனசு போட்டுக்கொண்டது பாதி என்று ஆகிவிட்டால் கம்பத்தின் மேலே இருப்பவன் கரிக்கட்டையாகிவிடுவான்.

நானும் அதே தொழில்தான். கிடங்கில் சுவிட்சை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மீட்டர் வைத்துச் சோதிக்காமல் ஒரு வயரைத் தொட்டதில்லை. அதனால் அடுத்து எழுதப்போவதற்கு, எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

5

அன்று நல்ல வெயில். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தாரணி பந்தோடு ஓடினாள், இரண்டு பேர் பிடித்தார்கள், மூவரும் சேர்ந்து விழுந்தார்கள். எழும்போது கொஞ்சம் தடுமாறினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். முதலுதவி பார்க்கும் ட்ரிஷ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ட்ரிஷ் வார நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், சனிக்கிழமை இலவசமாக இந்த வேலை. அவர் தாரணியை நான் நின்ற கோட்டோரமாக நடத்தி வந்து உட்காரவைத்தார்.

நான் குனிந்து, "என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாகச் சொன்னாள்: "அப்பா, மழ வருதுங்க. கொட எடுத்துக்குங்க."

ஒன்பது வருடம் கழித்து என் மகள் என்னோடு தமிழில் பேசினாள். அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். ங்க போட்டு. இத்தனை பேருக்கு நடுவில், அவளுடைய தோழிகளுக்கு முன்னால், வெட்கப்படாமல். மஞ்சூரில் நான் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுமதி இந்த வரியைச் சொல்லுவாள். வாசலில் நிற்கிற குழந்தை அதை அப்படியே ஒப்பிக்கும். அந்தக் குரல் என் காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்.

ட்ரிஷுக்குச் சந்தேகம். "இவள் உங்களிடம் இப்படித்தான் பேசுவாளா?" என்று கேட்டார்.

"ஆமாம். வீட்டில் நாங்கள் எப்போதும் தமிழ்தான்" என்றேன். வாய் பழகிய பொய். இத்தனை வருடமாக எத்தனை படிவத்தில் எழுதியது. யோசிக்கவே தேவைப்படவில்லை.

"இப்போது என்ன சொன்னாள்?"

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்றாள் என்று நான் சொல்லியிருந்தால், அந்த நொடியில் அவளை வெளியே உட்காரவைத்திருப்பார்கள். நான், "நன்றாக இருக்கிறேன் என்கிறாள்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் பொய்யைக் காப்பாற்றத்தான் என்று தோன்றுகிறது. வீட்டில் தமிழ் பேசுகிற பெண் சம்பந்தமில்லாமல் எதையாவது உளறுவாளா? என் காதில் தமிழ் விழுந்தது. அவள் சொன்னது விழவில்லை.

அதற்குள் தாரணி எழுந்து நின்று, தான் தயார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். ட்ரிஷ் மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மூன்றாவது பிடியில் அவளிடம் பந்து வந்தது. லேசாகத்தான் பிடித்தார்கள். எழுந்தவள் எங்கள் அணியின் எல்லைக்கோட்டைப் பார்த்துத் திரும்பி நின்று பந்தை வைத்தாள். நடுவர் ஊதினார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். விதி தெரிந்த பெருமையில் நானும், "தாரணி, அந்தப் பக்கம்" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிடி. அதுவும் சாதாரணமானது. தலை புல்லில் மெதுவாகத்தான் பட்டது. இந்தத் தடவை அவள் எழவில்லை.

6

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இன்றைக்கு இதற்கு முன்னால் தலையில் அடி ஏதாவது பட்டதா, நடத்தையிலோ பேச்சிலோ மாற்றம் ஏதாவது தெரிந்ததா? பக்கத்தில் சுமதி உட்கார்ந்திருந்தாள். முதியோர் இல்லத்து யூனிபாரத்தோடு ஓடிவந்தவள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நான் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மூன்றாவது பொய். அன்றைக்கு அதுதான் எளிதாக வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தெம்பில்லை. அவளுக்கு வெளிச்சம் ஆகவில்லை. ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். குக்கர் விசில் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும். பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். ஆறேழு தோழிகள் வந்து பார்த்தார்கள், பிறகு இரண்டு பேர், பிறகு செய்தி மட்டும். சுமதி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ட்ரிஷ் இரண்டு முறை சாப்பாடு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்று, தான் இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்று கண்கலங்கினார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். என்னால் அதுவும் முடிந்தது.

அப்போதுதான் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். பிடி, பந்து, கோடு எல்லாம் தாண்டி ஒரு பக்கம் இருந்தது. தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி இறக்கக்கூடாது. நிச்சயமாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். கடலை வகுப்பில் இதை நாங்கள் எடுத்ததே இல்லை. தெரிந்திருந்தால் மட்டும் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்றால், அதையும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து அவளுக்கு மெல்லத் தேறியது. வெயிலில் நடந்தாள், பிறகு ஓடினாள். ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தாள். டாக்டர் கையெழுத்துப் போட்டால் இந்த வருடமே அணிக்குத் திரும்பலாம் என்று ஒரு தேதி குறித்துவைத்துக்கொண்டு, அதற்காகத்தான் சாப்பிட்டாள், அதற்காகத்தான் தூங்கினாள். சுமதி, "அந்தப் பேச்சே வேண்டாஞ்சாமி" என்று கெஞ்சினாள். இந்த ஆட்டத்தில் மட்டும்தான் தான் யார் என்று தனக்குத் தெரிகிறது என்று தாரணி சொன்னாள். ஆங்கிலத்தில்தான். அந்தத் தமிழ் அன்றோடு போனது, திரும்பி வரவில்லை.

7

செவ்வாய்க்கிழமை நான்தான் காரில் கூட்டிப்போனேன். அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதால், அப்பா உள்ளே இருக்கலாமா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். இருக்கட்டும் என்றாள்.

டாக்டர் சோதனை எல்லாம் முடித்துவிட்டு, முடிவுகள் நன்றாக இருக்கின்றன என்றார். தாரணி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. டாக்டர் பேனாவை எடுத்தார், வைத்தார். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை என்றார். அவ்வளவு லேசான அடிக்கு ஒன்பது மாதம் படுத்திருக்கிறாய், அன்றைக்கு அதற்கு முன்னால் இன்னொரு அடி பட்டிருந்தால் எல்லாம் பொருந்தும். ஒரே ஆட்டத்தில் இரண்டு அடி என்றால், என்னால் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

தாரணி, தனக்கு அப்படி எதுவும் நினைவில்லை, அப்பா கூடவே இருந்தார், அவரைக் கேளுங்கள் என்றாள்.

இல்லை என்று நான் சொன்னால் போதும். அவள் சனிக்கிழமை மைதானத்தில் இருப்பாள். என்னை நம்பிச் சிரித்த அந்த முகம் அப்படியே இருக்கும். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாமல் நான் மட்டும் வேலியோரம் நிற்பேன். பயமாக இருந்தது. அவளை இழப்பதற்கும் பயம், அவள் என்னை வெறுப்பதற்கும் பயம். உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிய பயமாக இருந்தது.

"இருந்தது" என்றேன். "அதற்கு முன்னால் ஒருமுறை விழுந்தாள். எழுந்து என்னோடு தமிழில் பேசினாள். அவள் தமிழ் பேசமாட்டாள். வீட்டிலும் பேசமாட்டாள். முதலுதவி பார்க்கிறவர் என்னைக் கேட்டார், எப்போதும் இப்படித்தான் என்று நான் சொல்லிவிட்டேன்."

டாக்டர் மறுபடி பேனாவை எடுத்து எழுதினார். என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டார். தமிழில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

தாரணி என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டர் அவளிடம் திரும்பி, இனி இந்த ஆட்டம் வேண்டாம், இடித்துப் பிடிக்கிற எந்த ஆட்டமும் வேண்டாம், எப்போதுமே என்று மெதுவாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லி, கை கொடுத்து, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் வண்டியைக் கிளப்பவில்லை. கேட்கட்டும், கத்தட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும் என்று காத்திருந்தேன். வீட்டில் சுமதிக்கு இதை எப்படிச் சொல்வது என்ற கவலை வேறு. கடைசியில் நான்தான், "கண்ணு, அப்பா மேல கோவமா?" என்று கேட்டேன்.

அவள் நேரே பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து, எனக்குக் கட்டாயம் புரிய வேண்டும் என்பதற்காகவே தமிழில் சொன்னாள்:

"இனிமே எங்கிட்ட தமிழ்ல பேசாதீங்க."

சரி கண்ணு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "ஓகே" என்றேன்.